டாக்டர் மறுபடி மிஸ்டர் ஆகும்போது

பிரிட்டனில் அறுவை சிகிச்சை நிபுணரின் அறைக் கதவில் ‘மிஸ்டர்’ என்றுதான் போட்டிருக்கும். நம்மூரிலிருந்து போகிறவர்கள், இவர் டாக்டர்தானா என்று பதறிவிடுவார்கள். மருத்துவம் படித்து டாக்டரானவர், ராயல் காலேஜின் அறுவை மருத்துவத் தேர்வில் தேறியதும் மறுபடி மிஸ்டர் ஆகிவிடுகிறார்!

அந்தக் காலத்தில் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய ஃபிசீஷியன்கள்தான் டாக்டர்கள். கத்தி பிடித்தவர்களோ ஆசானிடம் தொழில் பழகியவர்கள். லண்டனில் 1540 முதல் 1745 வரை அவர்களும் முடிதிருத்துவோரும் ஒரே சங்கம். பின்னாளில் இவர்களுக்கும் பட்டம் வந்தது. ஆனாலும் பழைய மிஸ்டரை விடவில்லை, அதையே பெருமையாக்கிக்கொண்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த பிடிவாதம் இது.

நம்மூரிலும் கட்டி கீறியது, பிரசவம் பார்த்தது எல்லாம் நாவிதர் குடும்பங்கள்தான். மருத்துவர் என்றே அவர்களுக்குப் பெயர். பெயரைக் கொடுத்தோம், மரியாதையைக் கொடுக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.