யானை ஓடவில்லை

திருமுல்லைவாயலில் எங்கள் ஆயா வீட்டுக் கொல்லையில் ஒரு முல்லைப் பந்தல் இருந்தது. ஆறாம் வகுப்பு லீவில் என் கூட்டாளி அதைப் பனைமட்டையால் வெட்டிச் சாய்த்தான். அவன் தொண்டைமான் ராஜா, நான் யானை. யானையின் காலைச் சுற்றிய முல்லைக்கொடியை ராஜா வாளால் வெட்ட, அடியில் மறைந்திருந்த லிங்கத்தில் பட்டு ரத்தம் பீறிட்ட கதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அத்துப்படி. ரத்தத்துக்குக் குங்குமம் கரைத்து வைத்திருந்தோம். ஆயா வந்ததும் ராஜா சுவரேறிக் குதித்துவிட்டார். யானையின் காலில் கொடி. அடி முழுக்க யானைக்கு.

கூட்டாளி இப்போது துபாயில். போன மாதம் போன் செய்தான். "பொண்ணு கேக்குறாடா, சாமியை எதுக்குப்பா வெட்டினாங்கன்னு. எங்கேர்ந்துடா வந்துச்சு இந்தக் கதை?"

அவன் சொன்ன எந்த வரலாறும் தேறியதில்லை. அவன் அப்பாவுக்கு டேங்க் ஃபேக்டரியில் வேலை. 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதன் சுருக்கம்தான் ஆவடி, ஃபேக்டரி வந்த பிறகு வைத்த பேர் என்று வகுப்பையே நம்பவைத்தவன். ஃபேக்டரி வந்தது 1961இல். 1955இலேயே காங்கிரஸ் கூடி சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்ட ஊர் ஆவடி. ஆகவே இதையும் நானே பார்த்துவிடுவது என்று கிளம்பினேன்.

மாசிலாமணீசுவரர் கோயிலில் கதைக்குச் சாட்சிகள் நிறைய. காயம் ஆற லிங்கத்துக்கு ஆண்டு முழுக்கச் சந்தனக்காப்பு; சித்திரைச் சதயத்தில்தான் களைவார்கள். நந்தி சாமிக்கு முதுகு காட்டி நிற்கிறது, தொண்டைமானுக்குத் துணையாகப் போருக்குப் புறப்பட்ட கோலமாம். புழல் கோட்டைக் குறும்பர்களை வென்று ராஜா கொண்டுவந்ததாகச் சொல்லும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் சன்னதி முன்னால் நிற்கின்றன. ரயில் பாதையோரத்தில் இடுப்புயரம் வளரும் எருக்கு எப்படித் தூணாகும் என்று சின்ன வயதில் கேட்டு ஆயாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். இன்றும் எனக்கு அது புரியவில்லை.

வீட்டுக்கு வந்து தேவாரத்தைப் புரட்டினேன். எட்டாம் நூற்றாண்டு என்று பொதுவாகக் கணக்கிடப்படும் சுந்தரர் இந்த ஊரைப் பாடியிருக்கிறார். அவர் வந்த நிலையைப் பெரியபுராணம் சொல்கிறது. மனைவி சங்கிலியாரிடம் செய்த சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதால் கண் போய், தட்டுத் தடுமாறி வருகிறார். அடுத்து திருவெண்பாக்கத்தில்தான் ஊன்றுகோலே கிடைக்கும். (அந்தப் பழைய கோயில் இருந்த இடம் இப்போது பூண்டி ஏரித் தண்ணீருக்குள்.) பார்வையில்லாமல் வந்தவருக்கு முல்லை வாசம்தான் ஊரைக் காட்டியிருக்கும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். ஆதாரம் கேட்காதீர்கள்.

தொண்டைமான் அந்தப் பதிகத்தில் வருகிறான், யானையும் வருகிறது. ஆனால் அங்கே வாளும் இல்லை, ரத்தமும் இல்லை. சிவனே முல்லைக்கொடியால் யானையைக் கட்டிவைத்து, ராஜா மகிழும்படி எதிரே தோன்றினார், அவ்வளவுதான். எனக்குக் கிடைத்தவற்றில் பழைய கதை இது. வெட்டு எப்போதோ பின்னால் சேர்ந்திருக்க வேண்டும்.

மறுநாள் கோயில் வாசலில் பூ வாங்கினேன். "முல்லையாம்மா?" "காக்கட்டான் தம்பி. முல்லைக்குக் கோயம்பேடுதான் போவணும்." முல்லைவாயலில் முல்லை இல்லை. ஆயாவின் பந்தல் இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடி. எனக்கு நினைவிருப்பது பூவைவிட இலைதான்: பெரிய இலையின் காம்படியில் இரண்டு குட்டி இலைகள், காது மாதிரி. முல்லையின் தாவரவியல் பெயரான 'ஆரிகுலேட்டம்' என்பதற்கே சின்னக் காது உள்ளது என்றுதான் பொருள்.

கூட்டாளிக்கு வீடியோ காலில் எல்லாம் சொன்னேன். அவன் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வெட்டலைன்னா, கட்டுன யானை அங்கேயே நின்னுச்சா மாமா?"

"நின்னுச்சும்மா. ராஜாதான் ஓடிட்டாரு."