மெருகு

வண்ணம் பூசியதும் வேலை முடிந்துவிட்டது எனக் கருதுவோர் பலர். பட்டறையிலிருந்து திரும்பிய கரிய அம்பாசடரைச் சாய்வெயிலில் நோக்கினோம். அதன் மேனியெங்கும் ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற நுண்மேடுகள்! எம் அத்தா வாடகைக்கு ஓட்டி எம்மைப் படிக்கவைத்த வண்டி அது. அவ்வகை வண்டியின் உற்பத்தியே 2014-இல் நின்றுபோயிற்று. மறுமுறை வண்ணம் பூசக் கையில் பொருளும் இல்லை. எனவே மெருகேற்றும் பணியை வீட்டு முற்றத்திலேயே மேற்கொண்டோம்.

நிழலில் நிறுத்தி, 1500 எண் வாட்டர் பேப்பரைச் சோப்பு நீரில் நனைத்து, இரப்பர்க் கட்டையில் சுற்றி, ஒரே திசையில் மெல்லத் தேய்த்தல் வேண்டும், பின்னர் 2000. மணல் துகள் ஒன்று அகப்பட்டாலும் கீறல் விழும். தேய்க்கத் தேய்க்கப் பளபளப்பு மறைந்து சாம்பல் பூக்கும். உள்ளம் பதறும் இடம் அதுவே. பூச்சின் கனமோ ஏறத்தாழத் தலைமயிர் ஒன்றின் அளவே. விளிம்புகளில் இன்னும் மெலிது. அங்கெல்லாம் முன்னரே மாஸ்கிங் டேப் ஒட்டிக் காத்தோம். (பழஞ்சுவடியின் ஓரத்தைத் தொடுவோர்க்கு இவ்வச்சம் விளங்கும்.)

ரப்பிங் காம்பவுண்டைப் பருத்தித் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்தபோது, சாம்பல் விலகி வேம்பின் கிளைகள் பானெட்டில் தெரியலாயின. நான்கு ஞாயிறுகள் கழிந்தன. மெழுகு மட்டும் இன்னும் இடவில்லை. பூச்சினுள் எஞ்சிய தின்னர் ஆவியாகி வெளியேற ஓரிரு திங்கள் செல்லும். அதற்குமுன் மெழுகிட்டால் வழி அடைபடும். அத்தாவோ தொழுகை முடிந்து வரும்போதெல்லாம் கதவைத் தடவிப் பார்த்து, "இன்னும் எத்தனை நாளுப்பா?" என வினவுகிறார்.