நின்று நின்று போகும் விமானம்

ஹொனலூலுவிலிருந்து குவாம் சுமார் 6,100 கிலோமீட்டர். நேரடி விமானம் 8 மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். திரும்பும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் 7 போதும். அதே இரண்டு ஊர்களுக்கு நடுவே, தீவு தீவாக இறங்கி ஏறிப் போகும் ஒரு விமானமும் இருக்கிறது. ‘ஐலண்ட் ஹாப்பர்’ என்பார்கள். மஜுரோ, குவாஜலீன், கோஸ்ரே, போன்பே, சூக் என ஐந்து நிறுத்தங்கள். 14 மணி நேரத்துக்குக் குறையாது. எனக்கு அவசரமில்லை, அதில் ஏறினேன்.

மஜுரோ வரவே ஐந்து மணி நேரம் ஆனது. திங்கட்கிழமை காலை ஏறியவர்கள் இறங்கும்போது செவ்வாய்க்கிழமை. நடுக்கடலில் தேதிக் கோட்டைத் தாண்டியது யாருக்கும் தெரியவில்லை. ஹொனலூலுவுக்கும் குவாமுக்கும் கடிகாரத்தில் 20 மணி நேர வித்தியாசம் என்பதால், டிக்கெட்டைப் பார்த்தால் ஒன்றரை நாள் பயணம் என்றே தோன்றும்.

மஜுரோவில் இறங்கும்போது இரு பக்க ஜன்னல்களிலும் தண்ணீர்தான். தீவின் அகலமே அவ்வளவுதான். மார்ஷல் தீவுகளின் இந்தத் தலைநகரில் ஆறு கிடையாது. ஓடுபாதையில் விழும் மழைநீரைப் பிடித்துத் தொட்டிகளில் தேக்கி, சுத்திகரித்துக் குடிக்கிறார்கள். நம்மூரில் ஏரி பார்க்கும் வேலையை இங்கே விமான நிலையம் பார்க்கிறது. சற்றுமுன் நாங்கள் டயர் தேய்த்து நின்ற இடம்தான் நீர்ப்பிடிப்புப் பகுதி என்று தெரிந்ததும், கையிலிருந்த தண்ணீரைக் கொஞ்சம் மரியாதையோடு குடித்தேன்.

குவாஜலீன் அமெரிக்க ராணுவத்தின் ஏவுகணைச் சோதனைத் தளம். அனுமதி உள்ளவர்கள் மட்டும் இறங்கலாம், படம் எடுக்கக்கூடாது. இறங்கிய மார்ஷல் தீவுக்காரர்களில் பலருக்கு வீடு பக்கத்துத் தீவான எபேயில். அங்கே போக இனி படகு பிடிக்க வேண்டும்.

பக்கத்து இருக்கை அம்மா ஹொனலூலுவில் வைத்தியம் முடித்து கோஸ்ரேவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நான் குவாம் போகிறேன் என்றதும், “அதற்கு நேரடி விமானம் இருக்கிறதே, இதில் ஏன் வந்தீர்கள்?” என்றார். ஊர் பார்க்கத்தான் என்றேன். சிரித்தார். அவர் ஊருக்கு ஹொனலூலுவிலிருந்து வர இந்த விமானம்தான், அதுவும் தினமும் கிடையாது. நான் ஆசைப்பட்டு ஏறியதில் அவர் வேறு வழியில்லாமல் ஏறியிருந்தார்.

கோஸ்ரே, போன்பே, சூக் மூன்றிலும் ஓடுபாதையின் நீளம் குறைவு. சக்கரம் தரையைத் தொட்டதும் பிரேக் பிடிக்கும் வேகத்தில் உடம்பு பெல்ட்டில் போய் இடிக்கும். வழியில் ஏதாவது பழுதானால் பார்க்க ஆள் கிடைப்பது அரிது. அதனால் மெக்கானிக் உதிரி பாகங்களோடு விமானத்திலேயே வருகிறார்.

போன்பேயில் ஏறியவர்களிடம் சூட்கேஸைவிட ஐஸ் பெட்டிகளே அதிகம். மூடியைச் சுற்றி டேப், மேலே மார்க்கரில் பெயர், உள்ளே குவாமில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு மீன். சூக்கிலும் அதே கதை. அங்கிருந்து கடைசி 1,000 கிலோமீட்டரைத் தூங்கியே கடந்தேன். குவாம் பெல்ட்டில் ஐஸ் பெட்டிகள் வரிசையாக வந்து தீர்ந்த பிறகுதான் என் பை தலைகாட்டியது.