திரைக்குப் பின்னால் ஒரு காது

மான்செஸ்டரில் ரயிலேறி கிரீன்ஃபீல்டில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. இங்கிலாந்தின் பெனைன் மலைச்சரிவில் சேடில்வொர்த் ஊர்கள். எல்லாம் கல்வீடுகள். பழைய வீடுகளின் மாடியில் மட்டும் ஜன்னல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கேதான் கம்பளி நெசவாளர்கள் தறி போட்டிருந்தார்கள். வெளிச்சத்துக்காக அத்தனை ஜன்னல்.

ஈஸ்டருக்குப் பின் ஏழாவது ஞாயிறு பெந்தெகொஸ்தே. அதையடுத்த வெள்ளிக்கிழமையை ‘விட் ஃபிரைடே’ என்கிறார்கள். அன்று மாலை இந்தப் பக்கத்து ஊர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பித்தளை பேண்டுகள் பஸ்ஸில் வந்து இறங்கி, தெருவில் ஊதிக்கொண்டு நடந்து, போட்டியில் வாசித்துவிட்டு அடுத்த ஊருக்கு ஓடும். 1996-ல் வந்த ‘பிராஸ்ட் ஆஃப்’ படத்தில் பார்த்த நாளிலிருந்து இதற்காக ஏங்கியிருந்தேன்.

முந்தின நாளே போனது நல்லதாயிற்று. ஒரு சிறுவர் பேண்டின் ஒத்திகைக்கு என்னை உள்ளே விட்டார்கள். ஹேண்டல் பார்க்கர் மெட்டமைத்த ‘டீப் ஹார்மனி’ என்ற தேவாலயப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வேகமும் வித்தையும் இல்லாத மெட்டு. பத்து வயதுப் பையன் ஒருவன் கார்னெட்டில் ஊதினான். சுரம் ஒன்றும் தப்பவில்லை. ஆனால் ஒரு சொல்லின் நடுவில் மூச்சு வாங்கினான்.

“கொம்பை மடியில வை, கண்ணு. வாயால பாடு” என்றார் சொல்லிக்கொடுத்த அம்மாள்.

கூச்சத்தோடு பாடினான். மூச்சு தானாகவே வரியின் கடைசியில் வந்து நின்றது.

“இப்ப அதையே ஊது.”

ஊதினான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே சுரங்கள்தான், ஆனால் இப்போது அவன் யாரிடமோ எதையோ சொன்னான்.

பாடச் சொன்னது ஏன் என்பது கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தபோது விளங்கியது. கார்னெட்டுக்கு மூன்றே வால்வுகள். ஒன்றையும் அழுத்தாமலே அந்தக் குழாயில் பல சுரங்கள் பிறக்கும். அவற்றில் எது வர வேண்டும் என்பதை விரல் தீர்மானிப்பதில்லை. உதட்டின் இறுக்கமும் காற்றின் வேகமும் தீர்மானிக்கின்றன. சுரம் பிறக்கும் முன்பே மனம் அதைப் பாடியிருக்க வேண்டும். தொடக்கம் நாக்கின் வேலை: நுனி பல்லடியில் பட்டென்று அடித்தால் கட்டளை, மெல்லத் தொட்டு விலகினால் கொஞ்சல். அந்த அம்மாள் பிள்ளைகளை இரண்டு விதமாகவும் மாறி மாறிச் சொல்லவைத்த பிறகே கருவியை எடுக்கவிட்டார். உணர்ச்சி என்பது கடைசியில் தூவும் கொத்துமல்லி இல்லை, முதல் மூச்சிலேயே இருக்க வேண்டும் என்று நான் நம்பத் தொடங்கியது அந்த அறையில்தான்.

வெள்ளிக்கிழமை காலை தேவாலய ஊர்வலங்கள். மாலையில் டாப்கிராஸ் ஊர்ச் சதுக்கத்தில் நிற்க இடமில்லை. திரை இழுத்து மூடிய ஒரு வண்டிக்குள் நடுவர் உட்கார்ந்திருந்தார். வாசிப்பது பேர்பெற்ற பேண்டா, உள்ளூர்ப் பிள்ளைகளா என்பது அவருக்குத் தெரியக்கூடாது. சீருடை, கொடி, பெயர் எதுவும் அவரை எட்டாது. எட்டுவது ஒலி ஒன்றுதான். இவ்வளவு நேர்மையான போட்டியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வில்லியம் ரிம்மரின் ‘ஸ்லேடுபர்ன்’ என்ற அணிநடை மெட்டை (மார்ச்) ஊதியபடி ஒரு பெரிய பேண்டு சரிவில் இறங்கி வந்தது. கார்னெட், டெனர் ஹார்ன், யூஃபோனியம், டிராம்போன், தரையை அதிரவைக்கும் டியூபாக்கள். பிறகு நின்று வாசித்த போட்டி மார்ச்சின் நடுவே டிரியோ என்ற மென்பகுதி வந்ததும் அத்தனை பேரும் ஒலியை அடக்கினார்கள். சதுக்கமே சத்தம் காட்டாமல் நின்றது. யூஃபோனியம் மட்டும் தாலாட்டுப்போல் எழுந்து தணிந்தது. உரக்க ஊதுவதைவிட இப்படி அடக்கி ஊதுவதற்குத்தான் மூச்சுக் கட்டுப்பாடு அதிகம் தேவை என்று பக்கத்தில் நின்ற முதியவர் காதோரம் சொன்னார்.

ஒன்பது மணிக்கும் வெளிச்சம் மீதமிருந்தது. அப்போதுதான் எங்கள் பிள்ளைகள் வந்தார்கள். ஆமாம், அதற்குள் எங்கள் பிள்ளைகளாகியிருந்தார்கள். நான் மற்றதையெல்லாம் விட்டு அந்தப் பையனின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரியோவில் வரி முடியும் வரை தோள் அசையவில்லை. முடிந்த இடத்தில் மெல்ல உயர்ந்தது.

திரை அசையவில்லை. கைதட்டல் அடங்கும் முன்பே பிள்ளைகள் கொம்புகளை அணைத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓடினார்கள். அடுத்த ஊரான டெல்ஃபில் இன்னொரு வரிசை காத்திருந்தது.