சாம்புவைப் படித்தவரும் பார்த்தவரும்

துப்பறியும் கதைக்குத் தமிழ்நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட வாழ்வு உண்டு. ஆரணி குப்புசாமி முதலியாரும், ஜே. ஆர். ரங்கராஜுவும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய நாவல்களை விடிய விடிய விளக்கொளியில் படித்து மகிழ்ந்தோர் பலர். அவற்றைப் பழித்தோரும் பலரே. பழித்தோருள்ளும் ஒளித்து வைத்துப் படித்தவர் இல்லாமல் இல்லை. வடுவூராரின் 'மேனகா' 1935-ஆம் ஆண்டிலும், 'திகம்பர சாமியார்' 1950-ஆம் ஆண்டிலும் திரைப்படங்களாக வெளிவந்தன. ஏட்டில் படித்த கதையும் திரையில் பார்த்த கதையும் ஒன்றுதானா என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. பின்னர்த் தொலைக்காட்சி வந்தபோது, அவ்வழக்குத் தெருவிலிருந்து வீட்டுக்குள்ளேயே புகுந்தது. திருவில்லிபுத்தூரில் ஒரு வீட்டில் அது நடந்த வகையை இங்குக் காண்போம்.

ஆண்டாள் பிறந்த ஊர் என்னும் பெரும்புகழுக்கு முன்னே, 1875-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற பென்னிங்டன் நூலகம் அவ்வூரில் உண்டு என்னும் சிறப்பு வெளியூரார் பலருக்குத் தெரிவதில்லை. அந்நூலகத்துக்கு மாலைதோறும் தவறாது செல்லும் தமிழாசிரியர் ஒருவர் அவ்வூரில் இருந்தார். அவருடைய தங்கை மகன் இராசபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பணியாற்றினான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தன் தாயையும் அழைத்துக்கொண்டு பேருந்தில் மாமன் வீட்டுக்கு வருவது வழக்கம். உணவு முடிந்ததும் மாமனும் மருமகனும் திண்ணையில் அமர்ந்து, தாம் படித்த நூல்களைப் பற்றி வாதிடத் தொடங்குவர். அந்த அம்மையார் நிலைப்படியில் அமர்ந்து, வெற்றிலையைக் கிள்ளியவாறு கேட்டுக்கொண்டிருப்பார்.

அவர்கள் மிகுதியும் வாதிட்டது தேவனைப் பற்றியே. தேவன் என்பது மகாதேவன் என்பாரின் புனைபெயர். 1913-ஆம் ஆண்டில் திருவிடைமருதூரில் பிறந்து, ஆனந்த விகடனில் பணியாற்றி, 1957-ஆம் ஆண்டில் நாற்பத்து மூன்றே வயதில் மறைந்தவர் அவர். அவர் படைத்த துப்பறிவாளனே சாம்பு. இலண்டன் மாநகரத்து ஷெர்லாக் ஹோம்ஸ் 1887-ஆம் ஆண்டில் தோன்றியது முதல், துப்பறிவோன் என்றால் கூரிய அறிவினன் என்பதே உலகத்தார் கொண்ட இலக்கணம். தேவனோ அவ்விலக்கணத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார். சாம்பு ஒரு வங்கியில் எழுத்தராக இருந்தவர். அசடர் என்று பெயரெடுத்தவர். அவர் ஒன்றை எண்ணிச் செய்ய, வேறொன்று நடக்கும். அதனால் கள்வன் அகப்படுவான். காவல் ஆய்வாளர் கோபாலன் முதலாக எல்லாரும் அவரை மேதை என்று போற்றுவர். உண்மை தெரிந்தவர் இருவரே. ஒருவர் ஆசிரியர், மற்றொருவர் படிப்பவர்.

“மருமகனே, துப்பறியும் கதை கரும்பைப் போன்றது. சாறு போனால் சக்கை. குற்றவாளி இன்னான் என்று தெரிந்த பின் அந்நூலை எவன் மறுமுறை தொடுவான்?” என்பார் ஆசிரியர்.

“மற்றக் கதைகளுக்கு அது பொருந்தும் மாமா. சாம்புவை நான் எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை. கள்வன் யார் என்பதற்காகவா படித்தேன்? இந்த மனிதர் இன்று எதில் போய் முட்டிக்கொள்வார் என்று பார்க்கத்தானே படித்தேன்?” என்பான் அவன். மாமனும் சிரித்துவிடுவார். அவர் இதற்கு நேர்விடை கூறியதே இல்லை, கூறவும் இயலாது.

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதன்பின் சில ஆண்டுகள் சென்று சாம்புவின் கதைகள் அதில் தொடராக வந்தன. நாடகமேடையில் பேர்பெற்ற காத்தாடி இராமமூர்த்தி சாம்புவாக நடித்தார். திண்ணை வழக்கு இப்போது திசை மாறியது.

ஆசிரியருக்கு நடிப்புப் பிடித்திருந்தது. மருமகனுக்கு மனக்குறை. “நூலில் நாம் சாம்புவின் நெஞ்சுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறோம், ஊரார்தாம் வெளியே நின்று வியக்கிறார்கள். இந்தப் பெட்டியிலோ நாமும் ஊராரோடு வெளியே நிற்கிறோம். மேலும், இனி நூலை எடுத்தால் அந்த நடிகர் முகமே வந்து நிற்கும். கோபுலு வரைந்த சாம்பு எங்கே போவார்?” என்று அவன் வருந்தினான். இவ்வருத்தம் அவனுக்கு மட்டும் உரியதன்று. தாம் விரும்பிய கதைமாந்தரைத் தம் உடைமையாகவே கருதுவது படிப்போர் இயல்பு. ஹோம்ஸ் இறந்ததாகக் கானன் டாயில் 1893-ஆம் ஆண்டில் எழுதியபோது இங்கிலாந்து நாட்டு வாசகர் கொதித்தெழுந்தனர். 1903-ஆம் ஆண்டில் அவர் ஹோம்ஸை உயிருடன் மீட்டுக் கொணர வேண்டியதாயிற்று. படைத்தவனுக்கே அந்நிலை என்றால், நடிப்பவர் எம்மாத்திரம்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நிலைப்படியிலிருந்து ஒரு குரல் எழுந்தது. “அண்ணா, சாம்பு அசடர் இல்லை, பயந்தவர்.”

இருவரும் திரும்பிப் பார்த்தனர். பல்லாண்டுகளாக அவர்கள் பேச்சைக் கேட்டிருந்த அந்த அம்மையார் அதுவரையில் ஒரு கருத்தும் சொன்னதில்லை. இளமையில் தறிக்குத் தார் சுற்றுவதற்காகப் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்டவர் அவர். தமையனையும் மகனையும் சிரிக்க வைத்த சாம்புவை அவர் முதன்முதலாகச் சந்தித்ததே தொலைக்காட்சியில்தான்.

“பாராட்டும்போது அவர் கண்ணைப் பாருங்கள். உண்மை தெரிந்தால் இவர்கள் எல்லாரும் சிரிப்பார்களே என்ற பயம் அதில் இருக்கிறது. பேருந்து நிலையத்தில் ஊர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு நானும் அப்படித்தான் நிற்பேன். படிக்கத் தெரிந்தவள் என்று பக்கத்தில் நிற்பவர் நினைத்துக்கொள்வார். ‘இந்த வண்டி எந்த ஊருக்கு அம்மா?’ என்று என்னைக் கேட்டுவிடுவாரோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்” என்றார்.

முப்பது ஆண்டுகள் ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் அதற்கு ஒன்றும் மறுமொழி கூறவில்லை. மகன் தரையைப் பார்த்தவாறு இருந்தான். சிறிது நேரத்தில் பேச்சு மழையைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் சென்றது.

அடுத்த வாரம் ஆசிரியர் நூலை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர்கள் வந்ததும், “தங்கச்சி, நீ சொன்ன பயம் நூலில் இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது. இத்தனை முறை படித்தும் சிரித்துக்கொண்டே கடந்து போயிருக்கிறோம்” என்றார். பின்னர்க் கதை ஒன்றை உரக்கப் படிக்கத் தொடங்கினார். வகுப்பறையில் செய்யுள் படித்துப் பழகிய குரல் அது. சாம்புவின் பேச்சுக்கு அது சற்றும் பொருந்தவில்லை; ஆயினும் ஒருவரும் குறை கூறவில்லை.

பாதிக் கதையில் அம்மையார் கையமர்த்தினார். “அவர் மனத்தில் நினைத்ததையெல்லாம்கூட இதில் எழுதி வைத்திருக்கிறார்களா? பெட்டியில் இது வரவில்லையே!” என்று வியந்தார். மகன் மாமனை நோக்கி, ‘நான் அன்றே சொன்னேனே’ என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினான்.

“சாம்பு என்ற பேர் இதில் எங்கே இருக்கிறது அண்ணா?” என்று கேட்டார் அம்மையார். ஆசிரியர் தங்கையின் விரலைப் பிடித்து அவ்வெழுத்துகளின்மேல் வைத்தார். ‘சா’ என்பதன் துணைக்காலையும், ‘ம்’ என்பதன் புள்ளியையும், ‘பு’ என்பதன் வடிவையும் அவர் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மகனிடமிருந்து மூக்குக் கண்ணாடியை வாங்கி அணிந்துகொண்டு, அப்பக்கத்தில் அப்பெயர் இன்னும் எத்தனை இடங்களில் மறைந்திருக்கிறது என்று, வரிவரியாக விரலை நகர்த்தித் தேடத் தொடங்கினார்.