இழையின் நீளம், சாலையின் நீளம்

கண்ணாடியிழை வடம் ஒன்று அறுந்தால், அதற்கு அப்பால் இருக்கும் கருவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்திவிடும். திரையில் நூறு சிவப்பு எச்சரிக்கைகள் வந்து விழும். நூறும் ஒரே அறுப்பின் விளைவுகள் என்று கண்டுகொள்வதுதான் தானியங்கி மென்பொருளின் முதல் வேலை. எந்தக் கருவி எதன் பின்னால் இருக்கிறது என்ற வரைபடத்தை வைத்து, எல்லாவற்றுக்கும் பொதுவான முனையைப் பிடித்துவிடும். சென்னையில் உட்கார்ந்து நான் எழுதுவது இப்படிப்பட்ட நிரல்களைத்தான்.

அடுத்த கேள்வி, எவ்வளவு தூரத்தில்? ஓடிடிஆர் என்ற கருவி இழைக்குள் ஓர் ஒளித்துடிப்பை அனுப்பி, எதிரொளி திரும்பும் நேரத்தை அளக்கும். கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 72 மைக்ரோவினாடியில் திரும்பினால் போய்வந்த தூரம் 14.4 கி.மீ. அறுப்பு 7.2 கி.மீ.யில் இருக்கிறது. கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்ப்பது மாதிரி.

ஆனால் அது இழையின் நீளம், சாலையின் நீளம் அல்ல. பின்னால் ஒட்டுப்போட வசதியாக, ஆங்காங்கே குழிகளில் வடத்தைச் சுருட்டி வைத்திருப்பார்கள்.

போன வருடம் கல்லங்குறிச்சிக்கு, அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில், லைன்மேன் ஒருவர் சாலையோரம் நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன்.

"மிஷினு இங்கதாங்குது தம்பி. நான் எம்பது மீட்டர் பின்னாடி போய்த் தோண்டப் போறேன்."

"ஏண்ணே?"

"நடுவுல நாலு குழியில வளையம் கெடக்கு. போட்டதே நான்தான். நேத்து அங்க தண்ணிக் குழாய்க்கு ஜேசிபி வேற இறங்குச்சு."

அவர் சொன்ன இடத்தில்தான் அறுந்திருந்தது.

இந்தத் தொழிலின் அறிக்கைப் படிவம் எனக்குத் தெரியும். கண்டறிதல்: தானியங்கி, 4 நிமிடம். சரிசெய்தல்: 3 மணி நேரம். நாலு நிமிடம் மென்பொருளுக்குப் பெருமை. மூன்று மணி நேரம் ஒப்பந்தக்காரரின் தாமதம். அதற்கான அபராதம் கடைசியில் யார் கூலியில் பிடிக்கப்படும் என்று சொல்லத் தேவையில்லை. அவர் நடந்து யோசித்த அரைமணி நேரமும் கண்டறிதல்தானே? அதற்குப் படிவத்தில் இடமில்லை.

இது சின்ன ஊர்களின் கதை மட்டுமல்ல. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக் சுமார் 6 மணி நேரம் முடங்கியது. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையில் அவர்களின் முதுகெலும்பு வலை அறுந்தது. தரவு மையத்தை எட்ட முடியாத பெயர்ச் சேவகங்கள், "கோளாறு என்னிடம்தான்" என்று தாமாகவே முடிவுகட்டி இணையத்திலிருந்து விலகிக்கொண்டன. கடைசியில் பொறியாளர்களை நேரில்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

அந்த லைன்மேனின் வளையக் கணக்கை வரைபடத்தில் ஏற்றிவிடலாம். மென்பொருள் இன்னும் துல்லியமாகும். அப்போது அந்த எண்பது மீட்டரும் இயந்திரத்தின் சாமர்த்தியமாகவே அறிக்கையில் ஏறும். கணக்கைக் கேட்டு வாங்குமுன் அதற்குக் கூலி எவ்வளவு என்று நாங்கள் முடிவு செய்தாக வேண்டும்.