கேட்டுக்கு வெளியே ஐம்பது அடி

சென்னையில் அசோக் நகர், கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் போனால் ஏதாவது ஒரு தெருவில் பச்சை வலை தொங்கிக்கொண்டிருக்கும். நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முந்தைய மூன்று மாடிக் குடியிருப்புகளை இடித்துவிட்டு, அதே மனையில் இன்னும் உயரமாகக் கட்டுகிறார்கள். முன்பெல்லாம் ஒரு வீட்டுக்காரர் முரண்டு பிடித்தாலும் பேச்சு அதோடு நின்றுபோவதுண்டு. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று 2022-ல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்த பிறகு, பல இடங்களில் அந்த முடிச்சு அவிழ்ந்திருக்கிறது.

நல்ல விஷயம்தான். ஒழுகும் கூரை, பெயர்ந்து விழும் பூச்சு, லிஃப்ட் இல்லாத மாடிப்படி என்று அங்கே இருந்தவர்கள் பட்டது கொஞ்சமல்ல. கே.கே. நகரில் ஒரு குறுக்குத் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் அதில் சந்தோஷமே. எதிர்க் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இருந்த அவருடைய முப்பது வருடத் தோழி, முழங்கால் வலியோடு மேலேயே முடங்கிக் கிடந்தவர். இப்போது வாடகை வீட்டில் இருந்துகொண்டு, "லிஃப்ட் வெச்ச வீட்டுக்கு எப்படி வரேன் பாருடி" என்று போனில் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அதனால், அந்தத் தெருக்காரர்கள் கட்டடத்தை எதிர்க்கவில்லை. லாரியைப் பார்த்துத்தான் பயந்தார்கள்.

கணக்கு எளிது. தெரு 20 அடி. மீட்டரில் சொன்னால் ஆறுக்குக் கொஞ்சம் மேல். ஒரு ஓரம் கார்கள் நின்றால் கிட்டத்தட்ட 1.8 மீட்டர் போய்விடும். டிப்பர் லாரியின் அகலம் சுமார் இரண்டரை மீட்டர். மீதி இருக்கும் இடத்தில் மின்வாரியப் பெட்டி, கொட்டி வைத்த ஜல்லி, பால் வாங்க வரும் பெரியவர்கள், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எல்லாம் அடங்க வேண்டும். எதிர் ஓரத்திலும் கார் நின்றுவிட்டால் லாரிக்கே வழி கிடையாது.

ஒருநாள் காலை, கட்டட இடிபாட்டை ஏற்ற வந்த டிப்பர் பின்னோக்கி வந்தது. தெருமுனைப் பூக்காரம்மாவை யாரோ கையைப் பிடித்து இழுத்ததால் அவர் தப்பினார். கூடை தப்பவில்லை. சக்கரத்தடியில் நசுங்கிக் கிடந்த மல்லிகையைப் பார்த்த பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தனியே அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

கோபத்தில் சிலர் வேலையையே நிறுத்தச் சொல்லலாம் என்றார்கள். ஆசிரியை வேறு வேலை செய்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில், எந்த லாரி எத்தனை மணிக்கு வருகிறது என்று இரண்டு வாரம் எழுதினார். பாதிக்கு மேல் காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில்தான் வந்திருந்தன. சரியாகப் பள்ளி நேரம்.

அந்தத் தாள்களோடு சைட் இன்ஜினீயரிடம் போனார். விழுப்புரம் பக்கத்துப் பையன். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தவன், தாள்களைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"டீச்சர், மெயின் ரோட்டுல நெரிசல் நேரத்துல பெரிய வண்டிங்களை விடமாட்டாங்க. அதுக்குள்ள உள்ள வந்துடணும்னு டிரைவருங்க பறக்குறாங்க. நடைக்கு இவ்வளவுன்னுதான் அவங்களுக்குக் காசு. ரெடிமிக்ஸ் வண்டின்னா, பிளாண்ட்ல கலவை ஏத்துனதுலேர்ந்து பொதுவா ரெண்டு மணி நேரத்துக்குள்ள இறக்கணும். லேட்டானா கலவை இறுகிடும்."

"சரி தம்பி, உங்க கலவைக்கு ரெண்டு மணி நேரம் கெடு. எங்க பிள்ளைங்களுக்கு மணி அடிக்கிறது எட்டே முக்காலுக்கு. ரெண்டையும் சேர்த்து வெச்சுப் பார்ப்போமா?" என்றார் ஆசிரியை.

லாரி ஓட்டுபவரின் சிரமத்தையும் அன்றுதான் அந்தத் தெரு தெரிந்துகொண்டது. உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, பம்பரை ஒட்டி நிற்கும் சின்னப் பிள்ளை கண்ணில் படாது. இடது பக்கம் கதவை ஒட்டி வரும் சைக்கிளும் அப்படித்தான். திரும்பும்போது பின்சக்கரம், முன்சக்கரம் போன தடத்தில் போகாமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். லாரிக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்தில் நுழைகிறவர் மாட்டிக்கொள்வது அங்கேதான். ரெடிமிக்ஸ் லாரியில் 6 கன மீட்டர் கான்கிரீட் இருந்தால், அந்தக் கான்கிரீட் மட்டுமே 14 டன்னுக்கு மேல். பிரேக் போட்ட இடத்திலேயே நின்றுவிடும் வண்டி இல்லை அது.

பேசி முடித்தது இவ்வளவுதான். காலை 7.45 முதல் 9.15 வரையிலும், மாலை பள்ளி விடும் ஒரு மணி நேரமும் லாரி தெருவுக்குள் வரக் கூடாது. மற்ற நேரத்தில் வந்தால், விசிலும் கொடியுமாக ஒருவர் முன்னால் நடந்து வர வேண்டும். லாரி பின்னோக்கிப் போகும்போது பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். மணலும் இடிபாடும் தார்ப்பாய் மூடித்தான் போக வேண்டும். ஜல்லியைத் தெருவில் கொட்டக் கூடாது.

பதிலுக்கு இன்ஜினீயரும் ஒன்று கேட்டான். "கான்கிரீட் போடுற அன்னிக்கு மட்டும் எல்லாரும் காரை எடுத்து வேற தெருவுல விட்டுடுங்க." இங்கேதான் தெரு கொஞ்சம் முனகியது. பிள்ளைகளின் பத்திரத்துக்காகக் குரல் கொடுத்தவர்களில் இரண்டு பேருக்குத் தன் காரை நகர்த்த மனமில்லை. தாத்தாக்கள் இருவர் வீடு வீடாகப் போய்ப் பேசிய பிறகே அதுவும் நடந்தது.

முதல் மாடித் தளம் போட்ட அன்று சோதனை வந்தது. கடைசி ரெடிமிக்ஸ் லாரி வழியில் நெரிசலில் மாட்டி, பள்ளி விடும் நேரத்துக்குத் தெருமுனையை எட்டியது. விசில்காரர் மறித்துவிட்டார். "அம்மா, லோடு கெட்டுடும்மா, என் சம்பளத்துல பிடிப்பாங்க" என்று டிரைவர் ஆசிரியையைப் பார்த்துக் கெஞ்சினார். விதி விதிதான் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான்கைந்து பெண்கள் சேர்ந்து, வந்த பிள்ளைகளை எல்லாம் பெட்டிக்கடைத் திண்ணையில் ஏற்றி உட்காரவைத்தார்கள். தெரு காலியானதும் விசில் ஊதியது. லாரி ஆள் நடக்கும் வேகத்தில் உள்ளே போனது. மொத்தமே ஐந்து நிமிடம்.

எந்த சைட்டிலும் கேட்டுக்கு உள்ளே தலைக்கவசம் போடு, பெல்ட் மாட்டு என்று போர்டு இருக்கும். உள்ளே நடப்பதற்குப் பொறுப்பாளியும் உண்டு. கேட்டுக்கு வெளியே உள்ள ஐம்பது அடிக்குத்தான் ஆளே இல்லை. பில்டர் அதைச் சாலை என்பார், டிரைவர் சைட் என்பார். நடுவில் தலைக்கவசம் இல்லாமல் நடப்பவர் பால் பாக்கெட் வாங்கப் போகும் பாட்டிதான்.

உங்கள் தெருவிலும் பச்சை வலை கட்டப் போகிறார்கள் என்றால், கடப்பாரை விழுவதற்கு முன்பே பில்டரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். லாரி வரும் நேரம், வழி, விசில்காரர், பொறுப்பாளியின் போன் நம்பர் என்று நான்கையும் எழுதி வாங்குங்கள். ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு மாதத்தில் 300 டன்னுக்கு மேலோ இடிபாடு வரும் வேலைகளுக்கு, அதை அகற்றும் திட்டத்தை உள்ளாட்சி அமைப்பிடம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று மத்திய அரசின் 2016-ம் வருட விதிகளே சொல்லியிருந்தன. இடிபாட்டை எப்படி அகற்றப் போகிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். பேசியும் கேட்கவில்லை என்றால் சென்னை மாநகராட்சிக்கு 1913 இருக்கிறது, போக்குவரத்து போலீஸும் இருக்கிறது.

கேட்கும்போது, உங்கள் காரை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்துகொண்டு போங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.